1956, மாம்பலம் பிளாட்பாரம்: ஆபீஸ் போகிறவர்கள் என்ன உடுத்தினார்கள்?

கொட்டகை:
எங்கள் குழு போடப்போகும் நாடகம் 1956-ல் நடக்கிறது. மாம்பலம் ஸ்டேஷன், காலை ஒன்பது மணி, பீச் ஸ்டேஷன் போகிற எலெக்ட்ரிக் ட்ரெயினுக்கு நிற்கிற ஆறு ஆண்கள், மூன்று பெண்கள். வாடகைக்கு உடுப்பு தருகிற இடத்தில் எல்லாருக்கும் ஒரே ஜிப்பா, ஒரே வட்டக் கண்ணாடி என்று மூட்டை கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தக் காலத் துணி, தையல், சலவை, கையில் வைத்திருக்கும் சாமான் இவற்றில் விஷயம் தெரிந்தவர்கள் விவரம் தாருங்கள். நெகிழ்ச்சிக் கதைகள் வேண்டாம். அளவும் செய்முறையும் போதும்.

மீட்டர்கேஜ்:
உடுப்புக்கு முன்னால் திரைச்சீலையைச் சரி பாருங்கள், அங்கேதான் முதலில் மாட்டிக்கொள்வீர்கள். பீச்–தாம்பரம் மின்சார வண்டி 1931 மே 11-லிருந்து ஓடுகிறது. 1956-ல் அது மீட்டர் கேஜ், தலைக்கு மேல் 1500 வோல்ட் டி.சி. கம்பி. தண்டவாளம் வரைகிறவரிடம் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஒரு மீட்டர்தான் என்று சொல்லிவிடுங்கள். இன்றைய பாதையைப் பார்த்து வரைந்தால் அகலம் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். அந்தக் குறுகல் பாதையில் கடைசி வண்டி ஓடியது 2004-ல்.

டிராம் பற்றி வசனம் இருந்தால் இறந்த காலத்தில் வையுங்கள். மெட்ராஸ் டிராம் 1953 ஏப்ரலோடு நின்றுவிட்டது. தூரத்தில் எல்.ஐ.சி. கட்டடம் தெரிவதுபோல் வரையக்கூடாது, அது திறந்தது 1959-ல். கோடம்பாக்கத்தில் மேம்பாலம் இல்லை, லெவல் கிராஸிங்தான். யாராவது தாமதமாக ஓடி வரவேண்டுமென்றால் கேட் மூடியிருந்தது என்று தாராளமாகச் சொல்லலாம்.

காசு அணாவில். நயா பைசா 1957 ஏப்ரல் 1-ல்தான் வந்தது. நாடகத்தை ஒரு வருஷம் தள்ளினால் உங்களுக்கு இலவசமாக ஒரு சண்டைக் காட்சி கிடைக்கும்: ஓர் அணாவுக்கு 6 நயா பைசா, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நாலு அணாவுக்கு 25. மூன்று தடவை ஓர் அணாவாகக் கொடுத்தவருக்கு 18, மொத்தமாகக் கொடுத்தவருக்கு 19. இந்த ஒரு பைசாவை வைத்து ஜன்னலில் எவ்வளவு நேரமும் தகராறு செய்யலாம்.

டிக்கெட் தடித்த அட்டை, 57 மில்லிமீட்டர் நீளம், 30 அகலம். கொடுக்கும்போது தேதி அச்சில் குத்தித் தருவார்கள். ஆனால் ஆபீஸ்காரர் கையில் அட்டை டிக்கெட் இருந்தால் தப்பு. அவரிடம் மாத சீசன் டிக்கெட் இருக்கும், சட்டைப் பையில். ஜன்னலில் நிற்கிறவர் வெளியூர்க்காரர்.

கத்தரிக்கோல்:
ஆறு ஆண்களுக்கும் ஒரே உடுப்பு கூடாது, வயசுதான் உடுப்பைப் பிரிக்கும். ஓய்வு பெறப்போகிற ஹெட்கிளார்க் ஒருவருக்குப் பஞ்சகச்சம், மேலே கழுத்து மூடிய கோட், அங்கவஸ்திரம். நாற்பது வயசுக்காரர்கள் இருவருக்கு எட்டு முழ வேட்டி, முழுக்கைச் சட்டை. ஒருவருக்கு மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியில் ஜிப்பா. இளவட்டம் இரண்டு பேருக்குப் பேண்ட். ஒருவர் சட்டையை உள்ளே விட்டவர், இன்னொருவர் ஸ்லாக் சட்டை போட்டு வெளியே விட்டவர். கணக்கு முடிந்தது.

பேண்ட்டில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். இடுப்பு தொப்புள் மட்டத்தில் நிற்கவேண்டும், இன்றைய மாதிரி இடுப்பெலும்பில் இல்லை. முன்பக்கம் இரண்டிரண்டு பிளீட். முன்னால் ஜிப் கிடையாது, பொத்தான். வலது பக்கம் இடுப்புப் பட்டிக்குக் கீழே கடிகாரப் பை என்று இரண்டு விரல் நுழைகிற சின்னப் பை. கால் அடி சுற்றளவு 20-லிருந்து 22 அங்குலம். அடியில் ஒன்றரை அங்குல மடிப்பு வெளியே திருப்பித் தைத்தது. ஒட்டிப்பிடிக்கிற குழாய் பேண்ட் அறுபதுகளின் சமாச்சாரம், அதை 1956-க்குக் கொண்டுவராதீர்கள்.

துணி ட்ரில் என்கிற கெட்டிப் பருத்தி, வெள்ளை அல்லது காக்கி. 28 அங்குல அகலத் துணியானால் ஆளைப் பொறுத்து இரண்டரையிலிருந்து மூன்று கெஜம் பிடிக்கும். வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறப்போட்டுப் பிழியாமல் காயவிடவேண்டும். மில் துணி நீளவாட்டில் சுருங்கும், கெஜத்துக்கு ஓர் அங்குலம் போனால்கூட மூன்று கெஜத்தில் மூன்று அங்குலம். ஊறப்போடாமல் தைத்தால் முதல் சலவையிலேயே கணுக்கால் தெரியும். துணியின் கரையில் ‘சான்ஃபரைஸ்டு’ முத்திரை இருந்தால் மட்டும் இந்த வேலை மிச்சம். அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் சுருங்காது என்பதற்கு அடையாளம்.

சட்டை பாப்ளின். 36 அங்குல அகலத்தில் முழுக்கைக்கு இரண்டே முக்கால் கெஜம் வைத்துக்கொள்ளுங்கள். தோளில் இரட்டைத் துணி, முதுகில் ஒரு மடிப்பு, காலர் முனை நீளமாக. முக்கியமான இடம் அந்தக் காலர்தான். அந்தக் காலச் சட்டை கையில் கிடைத்தால் காலரைத் தூக்கிப் பட்டியோடு சேரும் தையலைப் பாருங்கள். ஊசித்துளை இரண்டு வரிசை இருந்தால் காலர் திருப்பப்பட்டது. தலை எண்ணெயும் வியர்வையும் சேர்ந்து காலரின் மடிப்பு விளிம்பு முதலில் நைந்துபோகும், சட்டையின் மற்ற பாகம் நன்றாகவே இருக்கும். டெய்லர் பிளேடால் காலரை மட்டும் பிரித்து, உள்பக்கத்தை வெளியே வைத்துத் திரும்பத் தைப்பார். செய்முறை எளிது, கெடுவதும் எளிது: பட்டியிலும் காலரிலும் நடுப்புள்ளியைக் குறித்துக்கொண்டு நடுவிலிருந்து இரு ஓரத்துக்கும் குண்டூசி குத்தவேண்டும். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தால் துணி இழுபட்டு மறு முனையில் காலர் அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். ஒரு தடவைதான் திருப்பலாம். அதற்கப்புறம் சட்டையின் வால்பகுதியிலிருந்து துணி வெட்டிப் புதுக் காலர். கைப்பட்டி நைந்தால் முழுக்கை அரைக்கையாகிவிடும்.

உங்கள் நாற்பது வயசுக்காரர் ஒருவருக்குத் திருப்பிய காலர் வையுங்கள். திருப்பிய பக்கம் பழுப்பேறாமல் வெளுப்பாகத் தெரியும், சட்டை உடம்பு கொஞ்சம் மங்கலாக. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்குப் போதும்.

காலருக்கும் கழுத்துக்கும் நடுவே நாலாய் மடித்த கைக்குட்டையையும் மறக்காதீர்கள். அது ரயிலில் மட்டும். இறங்குமுன் உருவிப் பைக்குள் போகவேண்டும். ஆபீஸ் வரை அப்படியே போகிறவரை நம்ப முடியாது.

கொட்டகை:
டெரிலின் (பாலியஸ்டர்) சட்டை போடலாமா? ஒருவரிடம் இருக்கிறது.

கத்தரிக்கோல்:
வேண்டாம். இங்கே ‘டெரீன்’ என்று உற்பத்தியாகிச் சாமானியர் கைக்கு வந்தது அறுபதுகளின் நடுவில். 1956-ல் ஒருவர் அதைப் போட்டிருந்தால் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்தது என்று அர்த்தம். அதற்கு ஒரு வசனம் எழுதவேண்டிவரும்.

வெள்ளாவி:
தையல்காரர் சொன்னதெல்லாம் சரி. ஆனால் அந்த உடுப்பு மேடையில் உயிரோடு இருப்பது சலவையில். இதை யாரும் யோசிப்பதில்லை: ஒன்பது பேரும் அன்றைக்குத்தான் சலவையிலிருந்து வந்த மாதிரி நின்றால் அது கல்யாணக் கூட்டம், ஆபீஸ் கூட்டம் இல்லை. வேட்டி சட்டை வாரத்துக்கோ பத்து நாளுக்கோ ஒருமுறை மூட்டையாகப் போய் மூட்டையாக வரும். சம்பளக்காரரிடம் வெளியே போடும் செட் மூன்றோ நாலோதான். திங்கட்கிழமை விறைப்பாக இருப்பது வியாழக்கிழமை முட்டிக்குப் பின்னால் நூறு சுருக்கம். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு என்பதை ஞாபகம் வையுங்கள். காட்சி என்ன கிழமை என்று முதலில் முடிவு பண்ணுங்கள், பிறகு கஞ்சி.

கஞ்சி போடும் முறை: சோறு வடித்த கஞ்சி ஒரு டம்ளர், துணியில் வடிகட்டி, நாலைந்து டம்ளர் தண்ணீர். இது ஒரு வேட்டிக்கும் ஒரு சட்டைக்கும் போதும். ஒரு சிட்டிகை உப்பு. வடிகட்டாமல் விட்டால் பருக்கை ஒட்டிய இடம் இஸ்திரியில் பழுப்பாகக் கருகும். கெட்டியாகப் போட்டால் துணி காகிதம் மாதிரி ஒடியும், மடிப்பில் வெள்ளையாக உதிரும். நாற்பது வயசுக்காரருக்கு நடுத்தரக் கஞ்சி, ஹெட்கிளார்க்கின் அங்கவஸ்திரத்துக்கு மட்டும் கெட்டி.

நீலம் கஞ்சிக்கு முன்னால். பொடியை நேராகப் போடக்கூடாது. துணியில் முடிந்து அரை வாளித் தண்ணீரில் ஆட்டி, நிறம் சீராக இறங்கின பிறகே துணி. முக்கியமாக, வேட்டியை நன்றாக அலசி ஈரத்தோடு விரித்து முக்கவேண்டும். உலர்ந்த துணியை முக்கினால் திட்டுத்திட்டாக ஏறும். அந்தத் திட்டு அவசரக்கார வீட்டின் அடையாளம், ஒருவருக்கு வேண்டுமென்றே வைக்கலாம்.

இன்றைய கடை வேட்டியை அப்படியே மேடையில் ஏற்றாதீர்கள். இப்போதைய வெள்ளைத் துணியிலும் சோப்புத்தூளிலும் வெளுப்பைக் கூட்டிக் காட்டும் ஒளிர்ப்பான் இருக்கிறது. ஊதா சாயல் விளக்கு பட்டால் டியூப்லைட் மாதிரி எரியும். வழி இதுதான்: பத்து லிட்டர் வெந்நீரில் நாலைந்து ஸ்பூன் தேயிலை டிக்காஷன், வடிகட்டி, பத்து நிமிஷம் துணியை அசைத்துக்கொண்டே ஊறவிட்டு அலசுங்கள். பிறகு லேசாக நீலம். பருத்தியில்தான் பிடிக்கும், பாலியஸ்டர் கலந்திருந்தால் பாதி பிடித்தும் பிடிக்காமலும் நிற்கும். வாங்கும்போதே ஒரு நூலைக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையும் பொடிச் சாம்பலும் பருத்தி, உருண்டையாகக் கருகி இறுகினால் கலப்படம்.

இஸ்திரி கரிப்பெட்டியில்தான். பித்தளைப் பெட்டி, உள்ளே கொட்டாங்கச்சிக் கரி. சூடு பார்ப்பது அடியில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்து: துள்ளி ஓடினால் பருத்திக்குச் சரி, அங்கேயே நின்று மெல்லக் கொதித்தால் சூடு போதாது. கஞ்சி போட்ட துணியைத் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி வைத்துவிட்டுத்தான் தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் சுருக்கம் போகாது. அடியில் கஞ்சிப் பிசுக்கு ஏறினால் வாழையிலையில் ஒரு தேய். பொறி பறந்து விழுந்தால் குண்டூசித் தலையளவு ஓட்டை விழும். பழைய வேட்டிகளில் பாருங்கள், அந்த ஓட்டைகள் பெரும்பாலும் மேல்மடிப்பிலேயே இருக்கும்.

கொட்டகை:
அப்படியானால் சலவைக் குறி?

வெள்ளாவி:
அவசியம் வையுங்கள், ஆனால் நிஜமானதை வேண்டாம். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, கசிகிற சாற்றால் துணியின் மூலையில் புள்ளியும் கோடுமாக வீட்டுக்கு ஒரு குறி. மேலே சுண்ணாம்புத் தண்ணீர் ஒற்றினால் கறுத்து நின்றுவிடும். உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவிப் பானையில் ராத்திரி முழுக்க ஆவி காட்டினாலும் போகாது, கல்லில் அடித்தாலும் போகாது. அதனால்தான் நூறு வீட்டுத் துணியும் ஒரே அடுப்பில் ஏறி, வீடு மாறாமல் திரும்பின. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளிக்கும், அழியாத மார்க்கர் போதும். இடம்: வேட்டியில் கரை முடியும் மூலை, சட்டையில் வாலின் உள்பக்கம். காலர்ப் பட்டியில் போட்டிருந்தால் அந்த வீட்டில் சண்டை நடந்திருக்கும்.

ஆறு கெஜம்:
மூன்று பெண்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. 1956-ல் காலை வண்டியில் ஆபீஸ் போகிற பெண்கள் என்றால் பெரும்பாலும் டீச்சர், நர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர், டைப்பிஸ்ட். நர்ஸுக்குத் தனி உடுப்பு. மற்ற இருவரையும் ஒரே மாதிரி கட்டவிடாதீர்கள்.

ஆறு கெஜம் கைத்தறிப் பருத்தி. நைலான் புடவை அப்போது ஆசைப்பட்ட சாமான், தினம் ரயிலுக்குக் கட்டுவதில்லை. கொசுவத்தை இறுக்கமாக, கணுக்கால் எலும்பு தெரியும் உயரத்தில் கட்டவேண்டும். தரை கூட்டினால் படியேறும்போது அடி விளிம்பு செருப்பில் மாட்டிக் கிழியும், அந்த விளிம்புதான் முதலில் நையும். நைந்தபின் தலைகீழாக மாற்றிக் கட்டுவார்கள், நைந்த ஓரம் இடுப்பில் செருகிய பக்கம் மறைந்துவிடும். இரண்டு கரையும் ஒரே அகலமான புடவையில்தான் இது நடக்கும். டீச்சருக்கு இரட்டைக் கரைப் புடவை தேடுங்கள்.

ரவிக்கை இடுப்பு வரை நீளம், முதுகு மூடியது, முன்னால் கொக்கி. கை முழங்கைக்குச் சற்று மேலே முடியும். புடவைக்குப் புடவை அதே நிறத்தில் ரவிக்கை என்பதை மறந்துவிடுங்கள். வெள்ளை ஒன்று, கறுப்பு ஒன்று இருந்தால் ஆறு புடவைக்கு ஓடும். முந்தானை தோளில் ஓர் ஊக்கு, உள்பக்கமாக. கூட்டத்தில் முந்தானை இழுபட்டால் ஊக்கு நிற்கும், துணிதான் கிழியும். அதனால் ரவிக்கையின் தோள் தையல் மேல் இரண்டு துணி சேரும் இடத்தில் குத்தவேண்டும்.

பூவில் காலம் தவறாதீர்கள். காட்சி கோடையானால் மல்லி, மார்கழியானால் டிசம்பர் பூ. கனகாம்பரம் எப்போதும் சரி, சாயங்காலம் வரை வாடாது, வாசனையும் இல்லை. காலையில் ஒரு சாண் போதும். முழக்கணக்கில் வைத்தால் அது வெள்ளிக்கிழமைக் கோயில்.

தோளில் தொங்கும் பெரிய பை வேண்டாம், கையில் பிடிக்கும் தோல் பை. பிளாஸ்டிக் ஒயர்க் கூடை பிற்பாடு வந்தது. போன மாதம் ஒரு சீரியலில் 1950 என்று போட்டுவிட்டுப் பச்சை ஒயர்க் கூடையைத் தூக்கி வந்தார்கள்.

ஈயம்:
சாப்பாட்டு டப்பா: எவர்சில்வரும் வந்துவிட்டது, ஆனால் விலை. பித்தளை அடுக்கே வையுங்கள், உள்பக்கம் ஈயம் பூசியதாக. ஈயம் தேய்ந்த பித்தளையில் புளிசாதம் வைத்தால் களிம்பு ஏறும், மத்தியானம் பச்சை வளையமும் வாந்தியும். பூசுகிற முறை: பாத்திரத்தை மண்ணும் புளியும் போட்டுத் தேய்த்து, அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, வெள்ளீயத் துண்டை உரசி, உருகினதும் பஞ்சால் சுற்றி இழுப்பது. நவச்சாரம் குறைந்தால் ஈயம் பிடிக்காமல் முத்துமுத்தாக உருளும்.

தயிர்சாதம் கட்டுகிறவர் வசனம் இருந்தால் ஒரு திருத்தம். காலையில் தயிர் ஊற்றிப் பிசைந்தால் மெட்ராஸ் வெயிலில் ஒரு மணிக்குள் புளித்துப்போகும். குழைந்த சாதத்தில் ஆறின பால், ஒரு ஸ்பூன் தயிர் மட்டும். டப்பாவுக்குள்ளேயே தோய்ந்து மத்தியானம் சரியாக இருக்கும். சாதம் கொதிக்கச் சூடாக இருந்தால் உறை செத்துப்போய்ப் பால்சாதமாகவே நிற்கும்.

மீட்டர்கேஜ்:
கையில் பேப்பர் பிடிக்கப்போகிறவர்களுக்கு: ஹிந்து முதல் பக்கத்தில் செய்தி போட ஆரம்பித்தது 1958 ஜனவரியில். அதற்கு முன் முதல் பக்கம் முழுக்க விளம்பரம். 1956-ல் நின்றுகொண்டு முதல் பக்கத்தைப் பார்த்து “அடடா” என்று அதிர்ச்சியடைகிற நடிகர் வரி விளம்பரத்தைப் பார்த்து அதிர்ச்சியடைகிறார் என்று அர்த்தமாகும். உள்ளே திருப்பச் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:
பேனா ஊற்றுப்பேனா, நிப்பு மேல்நோக்கி, சட்டைப் பையில் நேராக நிற்கவேண்டும். மை பாதிக்குக் கீழே போனால் உள்ளே காற்று அதிகம். பேனா சாய்ந்தோ தலைகீழாகவோ இருந்தால் உடம்புச் சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும், பையின் அடியில் நீலக் கறை. அதனால் கவனமான ஆள் காலையிலேயே நிரப்பிக்கொள்வார். கறை பட்ட உடனே எலுமிச்சையும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுவார்கள், குடைக்கம்பித் துருக்கறைக்கும் அதே வைத்தியம். நாள்பட்டால் போகாது. குமாஸ்தாக்களில் ஒருவருக்குப் பை அடியில் மங்கலான கறை ஒன்று வையுங்கள், சலவையில் போகாமல் நின்ற மாதிரி.

கொட்டகை:
எல்லாருக்கும் நன்றி. கிழமை புதன் என்று முடிவு பண்ணிவிட்டோம், மாசம் ஐப்பசி. இரண்டாவது காட்சியில் மழை. குடை?

வெள்ளாவி:
கறுப்புத் துணி, எட்டுக் கம்பி, வளைந்த பிரம்புப் பிடி. மடக்குக் குடை கூடாது. மழை இல்லாதபோது பிடியைச் சட்டைக் காலரின் பின்பக்கம் மாட்டி முதுகில் தொங்கவிடுவது உண்டு, இரண்டு கையும் வேண்டிய டிக்கெட் ஜன்னலில். வண்டி வந்ததும் கையில் எடுத்துவிடச் சொல்லுங்கள், கம்பி பின்னால் நிற்கிறவர் கண்ணைக் குத்தும்.

மழைக் காட்சிக்குக் கஞ்சி போட்ட வேட்டியைத் தராதீர்கள். நனைந்தால் கஞ்சி கரைந்து கொழகொழவென்று காலோடு ஒட்டும், அடுத்த காட்சிக்குள் புளித்த வாடை வரும். முதல் காட்சிக்கு ஒன்று, மழைக்கு அதே கரையில் கஞ்சி போடாத இன்னொன்று என்று ஆளுக்கு இரண்டு வேட்டி வாங்கிவிடுங்கள்.